முதல் பத்து நிமிடம்

அப்பாவின் காதுக்கு ஒருமுறை விலை பேசினார்கள். மாதச் சம்பளம், ஓட்ட ஒரு வண்டி, வருஷத்துக்கு இரண்டு ஜோடிச் செருப்பு. பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். போர்க்குழாயில் காதை வைத்து, இருநூறு அடிக்குக் கீழே மோட்டாருக்கு என்ன நோவு என்று சொல்கிற காது அது. "வித்துட்டா வீட்டுக்காரி பேசுறது எப்படிக் கேக்கும்?" என்று சொல்லி அப்பா அவரை அனுப்பிவிட்டார். "இப்ப மட்டும் கேக்குதாக்கும்," என்றாள் அம்மா, உள்ளே இருந்து.

அந்தக் காதைத்தான் மகள் இப்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மடலின் ஓரத்தில் பழைய கிரீஸ் கறை ஒன்று போவேனா என்றது. அழுத்தித் தேய்க்க மனம் வரவில்லை.

பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். ஆறரைக்குக் காப்பி கொண்டுபோன அம்மா, தூங்குகிறார் என்று நினைத்து முதலில் திட்டியிருக்கிறாள். டாக்டர் எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து சான்றிதழை விரித்தார்.

"எத்தனை மணிக்குன்னு போடலாம்?"

யாருக்கும் தெரியவில்லை. அம்மா சுவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்னால் யாரோ இருமினார்கள். மகள் நிமிர்ந்தாள். மறுபடி இருமல், காற்றும் எச்சிலுமாக. அது ஆள் இல்லை, குழாய். காலையிலிருந்து அழுகைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. தினமும் கேட்கிற சத்தம் என்பதால் யார் காதிலும் விழவில்லை.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். போர்க்குழாயின் பக்கவாய் நாலு சொட்டுத் தண்ணீரும் நாற்பது மூச்சுக் காற்றுமாகத் துப்பிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மணி எட்டு முப்பத்தைந்து.

பெட்டி மூடியின் உள்பக்கம் அப்பாவின் கணக்குப் புத்தகம். சாக்பீஸால் இரண்டு பத்தி: போட்ட நேரம், அணைத்த நேரம். இன்றைய வரியில் 5:10 என்று போட்டிருந்தது. எதிரே காலி.

வால்வைப் பார்த்தாள். அது தரைப்பக்கமே திறந்திருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மோட்டாரைப் போட்டதும் முதல் பத்து நிமிடம் வருவது மண் தண்ணீர். அதைத் தரையில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு வால்வைத் தொட்டிக்குத் திருப்புவார். முப்பது நிமிடத்தில் தொட்டி நிறையும், அணைத்துவிட்டு நேரம் எழுதுவார். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் வேறு யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. மோட்டார் ஓடினால் அதை அணைக்க ஆள் உண்டு என்பது அங்கே சூரியன் மறைவதுபோல ஒரு விஷயம். ஆளே நாற்காலியில் சாய்ந்திருந்தபோதும், அவரைத் தூக்கிக்கொண்டு பொத்தானைத் தாண்டி நாலு பேர் போனபோதும், அணைக்க ஆள் இருக்கிறது என்றே எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

உள்ளே வந்து டாக்டரிடம் சொன்னாள். "அஞ்சு பத்துக்கும் அஞ்சு இருபதுக்கும் நடுவுல."

"அவ்வளவு சரியா எப்படிம்மா?"

"வால்வு திரும்பலையே சார்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினார்.

தம்பி ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். இன்சூரன்ஸ் ஆபீஸில் பிறத்தியார் சாவைக் கணக்குப் போட்டே சம்பளம் வாங்குகிறவன். சொந்தக் கணக்கு வந்ததும் அப்பாவின் காலடியில் பையோடு அப்படியே நின்றான். அழுது முடித்துப் பின்கட்டுக்கு முகம் கழுவப் போனவன் வறண்ட கையோடு திரும்பி வந்தான்.

"தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. வீடு பூரா ஆளு. லாரிக்குச் சொல்லிடுறேன்க்கா."

அம்மா நிமிர்ந்தாள். "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்த மனுஷன். அவரை லாரித் தண்ணியிலயா குளிப்பாட்டப் போறே?"

"மூணு மணிக்கு எடுக்கணும்மா."

"மூணு மணிக்குத்தானே."

பக்கத்து வீட்டு அத்தை மூக்கைச் சிந்தினாள். "ஏழு மணிக்கே பாத்தேன், சந்தெல்லாம் ஆறா ஓடுது. சாவு வீட்டுல வந்து தண்ணி வழியுதுன்னு எப்படிக் கத்துறது? மரியாதை இல்லையா?" மற்ற நாளில் மூணு சொட்டு அவள் படியில் விழுந்தால் முப்பது வீட்டுக்குக் கேட்கும்.

செய்தி தெருவுக்குப் போய், தெருவிலிருந்து கழற்றியின் காதுக்குப் போனது. கழற்றி என்பது அப்பா வைத்த பெயர். எதிர்த்தெரு மெக்கானிக். எந்தப் போர்க்குழாய் என்றாலும் "கழட்டிப் பாத்துடலாம்" என்பார். கழற்றினால் குழாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா மேலே நின்றே நோவைச் சொல்லிவிடுவார் என்பதால், இருவருக்கும் இருபது வருஷமாக வியாபாரம் தவிர வேறு பேச்சு இல்லை. இன்று கையில் பூமாலையோடு வந்தவர், அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். துக்கம் துக்கம், தொழில் தொழில்.

"மூணு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு. கடைசியில எவ்வளவு நேரம் வெறுமனே ஓடுச்சோ. உள்ள இருக்குற கம்பிக் காயில் கருகியிருக்கும்மா. ஆள் இருக்கு, கழட்டிடலாம். அவருக்காகச் செய்றேன், கூலி வேணாம்."

வாசல் வரை நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் அப்பாவின் வாடிக்கை. அவர்கள் பார்வை மோட்டாரில் இல்லை, மகள் மேல் இருந்தது. பதினெட்டு வருஷமாக அப்பா கடையின் கல்லாவில் உட்கார்ந்து உதிரி சாமான் விற்கிறவள். பத்துப் பைசா வாஷருக்கும் ரசீது போடுவதால் மெக்கானிக்குகள் அவளை ரசீதக்கா என்பார்கள்.

தம்பி அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னான். "அக்கா, கோச்சுக்காத. கடைன்னா அது அப்பாவோட காதுதான். அது போயிடுச்சு. மிச்சம் இருக்குறது நட்டும் போல்ட்டும். இவர்கிட்டயே குடுத்துட்டா உனக்கும் நிம்மதி. சொந்த வீட்டு மோட்டாரையே எரிச்சவங்கன்னு ஆனப்புறம் யாரு வரப்போறா?"

அவள் வெளியே வந்து கழற்றியைப் பார்த்தாள்.

"அண்ணே, குழிக்குள்ள மோட்டார் கீழயா, பம்ப் கீழயா?"

"என்னம்மா இது, எனக்கே பாடமா. மோட்டார் அடியில, பம்ப் அதுக்கு மேல."

"தண்ணி பம்ப் வாய்க்குக் கீழ இறங்குனதும் காத்தை இழுத்துச்சு. இருமுச்சு. ஆனா மோட்டார் அப்பவும் தண்ணியிலதானே நிக்குது?"

"நிக்கும். ஆனா ஓடுற தண்ணிதான் சூட்டை எடுத்துட்டுப் போகும். நின்ன தண்ணி வெந்நீராயிடும்."

"எவ்வளவு நேரத்துல?"

கழற்றி தாடையைச் சொறிந்தார்.

"இருமுன மூணாவது தடவையில அணைச்சுட்டேண்ணே."

கடையிலிருந்து மெக்கரைக் கொண்டுவரச் சொன்னாள். மோட்டாரின் கம்பிச் சுருளில் கசிவு இருக்கிறதா என்று காட்டும், கையால் சுற்றுகிற பெட்டி. கேபிள் முனைகளைப் பிடித்துச் சுற்றினாள். முள் மெல்ல ஏறி, நல்ல பக்கத்தின் ஓரத்தில் போய் நின்றது. கழற்றி குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"காயில் நல்லாத்தான் இருக்கு," என்றார், கடன் திருப்பித் தருகிற முகத்தோடு. "அப்புறம் ஏன் தண்ணி வரல?"

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. குழி களைச்சுப் போச்சு. ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம் குடுக்குற குழிகிட்ட மூணு மணி நேரம் கறந்துட்டோம். ஊற விடணும்."

"ஊறலைன்னா?"

"ஒரு மணி வரைக்கும் விடுங்க. வரலைன்னா நீங்களே கழட்டுங்க. குழாயை மட்டும் இல்ல, கடைப் பலகையையும்."

தம்பி அவளைப் பார்த்தான். கழற்றி நாற்காலியை இழுத்துப் போட்டார். அது எந்த நாற்காலி என்று நினைவு வந்ததும் எழுந்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

சணல் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டி, போர் மூடியின் சின்ன ஓட்டை வழியே இறக்கினாள். நட்டு தண்ணீரைத் தொடும்போது கயிறு ஒரு நூல் தளரும், அடியிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வரும். பத்து மணிக்கும் பதினேழாம் முடிச்சு வரை போயிற்று. பம்பின் வாயும் அதே பதினேழில்தான். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை தன் வீட்டிலிருந்து குடிக்க ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். குடம் திரும்ப வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள்.

பதினொன்றரைக்குப் பதினாறு, தண்ணீர் பத்தடி ஏறியிருந்தது. பன்னிரண்டே காலுக்கு அவள் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தபோது, தம்பி குந்தி உட்கார்ந்து கயிற்றை விட்டுக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். காதைக் குழாய் மூடிமேல் வைத்திருந்தான்.

"பதினாலு," என்றான் நிமிராமல். "நட்டு தொடுறது கேக்குதுக்கா."

"கேக்கும்."

"உனக்கு எப்படி அந்த இருமல் கேட்டுச்சு? இத்தனை பேர் இருந்தோம்."

"கல்லாவுல உக்காந்து பதினெட்டு வருஷமா இதே பேச்சுத்தானே கேட்டேன். வர்றவன் எல்லாம் 'இருமுதுக்கா, உறுமுதுக்கா'ன்னுதான் வருவான். அப்பா குழாயைக் கேப்பாரு, நான் வாடிக்கையைக் கேப்பேன்."

தம்பி கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டினான். ஈரமான நுனியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான்.

ஒரு மணிக்குப் பன்னிரண்டு. கழற்றி வாளியை விட்டு எழுந்தார். அவள் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். பெட்டிக்குள் டக்கென்று விழுந்த சத்தம், பிறகு குழாயில் மெல்லிய அதிர்வு. அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பம்பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தண்ணீரை அடுத்ததற்குத் தள்ளிவிட்டு மேலே கொண்டுவர நேரம் எடுக்கும். இருபது எண்ணினாள். முப்பது எண்ணினாள்.

குழாய் ஒருமுறை ஏப்பம் விட்டது. பிறகு காவி நிறத்தில், கைப்பருமனுக்கு, விழுந்தது தண்ணீர்.

"தொட்டிக்குத் திருப்பு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "வீணாப் போகுது பாரு," என்றது இன்னொன்று.

அவள் திருப்பவில்லை. வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காவி செம்மண்ணாகி, செம்மண் மோராகி, மோர் நீர்த்துக்கொண்டே வந்தது. அம்மா வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றாள். பத்து நிமிடமும் முழுசாகப் போன பிறகு மகள் வால்வைத் திருப்பினாள். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கூரைக்கு மேலே கேட்டது.

முதல் வாளியை அம்மாவே தூக்கிக்கொண்டு போனாள். தம்பி ஒரு பக்கம் வாளியின் காதைப் பிடித்தான், அவளை இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

கழற்றி கை கழுவிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, தண்ணி குறைஞ்சா தானா அணைக்குற ரிலேவை ஊருக்கெல்லாம் வித்தாரே. சொந்த வீட்டுல ஒண்ணு மாட்டலையா?"

"கேட்டேன். 'நான் எதுக்கு இருக்கேன்'னாரு."

அவர் தலையை ஆட்டினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "இங்க ஒண்ணு மாட்டிடு. எனக்கும் ரெண்டு எடுத்து வை. விலை பாத்துப் போடு. அப்பான்னா குறைப்பாரு."

"அப்பா குறைச்சதே இல்லண்ணே. உங்களுக்குன்னா ஏத்திச் சொல்லிட்டுக் குறைப்பாரு."

கழற்றியின் மீசை அசைந்தது. சாவு வீடு என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார். "சரி. கடை எப்பத் திறக்கும்?"

அவள் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "திங்கக்கிழமை."

ஒன்று முப்பதுக்கு அவள் மோட்டாரை அணைத்தாள். தொட்டி மூன்றில் இரண்டு பங்குதான் நிறைந்திருந்தது. குழிக்கும் இன்று துக்கம், போதும். பெட்டி மூடியின் மடிப்பில் அப்பா வைத்திருந்த சாக்பீஸ் துண்டு, அவர் விரல் பிடித்த பக்கம் குழிந்து கிடந்தது. எட்டு முப்பத்தைந்து என்று அவளுக்குத் தெரியும். மேல் வரியின் காலி இடத்துக்கு நேரே சாக்பீஸைக் கொண்டுபோனாள். பிறகு கையைக் கீழே இறக்கி, அடுத்த வரியில் எழுதினாள்.

5:10 –
1:00 – 1:30