சின்ன ராஜாவின் உயரம்

என் ஓரகத்திக்கு என்னைவிட முக்கால் அடி உயரம் அதிகம். கடவுள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் மாமியார் வாயில் நல்ல பெயர், பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர இடம், போதாததற்கு நான் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டும் கலைக்களஞ்சிய அலுவலகத்திலேயே படப்பிரிவில் வேலை. அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நான் வரலாற்றுப் பிரிவு. நானே எழுதி, அடியில் என் பெயர் அச்சான கட்டுரை ஒன்றே ஒன்று: சின்ன ராஜா. மற்றதெல்லாம் பேராசிரியர்கள் எழுதியதற்கு நான் கால்புள்ளி வைத்தவை. "உருவத்தில் குள்ளமானவர், ஆதலால் சின்ன ராஜா என்று அழைக்கப்பட்டார்" என்பது என் முதல் வரி. படத்தில், குதிரை ஏறுவதற்காக ஒரு முக்காலிமேல் நிற்பார். முக்காலி என் யோசனை. பள்ளிப் புத்தகங்களிலும் இன்று அந்த முக்காலியோடுதான் நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

புதிய பதிப்புக்கு நல்ல படம் தேடப் போனவள் சும்மா இருந்தாளா? அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டு, அங்கே இருக்கும் அவருடைய அங்கியை அளக்கச் சொல்லியிருக்கிறாள். பதில் வந்தது. தோளிலிருந்து விளிம்புவரை நாலேமுக்கால் அடி. அதைத் தரையில் இழுபடாமல் உடுத்த ஆறடி ஆள் வேண்டும்.

கடிதத்தை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"அக்கா, நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. தப்பா இருந்தா விட்டுரலாம்."

அந்தப் பணிவு இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். "என்கிட்ட எதுக்கு? ஆசிரியர்கிட்டயே குடு" என்றேன்.

முதன்மை ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "அங்கி அவரோடதுதான், சரி. ஆனா ஆறடி ஆள எதுக்கும்மா சின்ன ராஜான்னு சொல்லணும்? பழைய ஏடு அத்தனையும் அப்படித்தானே சொல்லுது. இதுக்குப் பதில் கொண்டுவா, மாத்திரலாம். கீழ உன் பேரையே போடறேன். நாளைக்கு மதியம் பக்கம் அச்சுக்குப் போகுது. பதில் இல்லன்னா பழசே இருக்கட்டும்."

என் பெயர் போய் அவள் பெயர். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் ஏட்டுப் பிரதிகளைப் புரட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிடைக்கக் கூடாது, கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை சமையலறையில் பதில் கிடைத்தது. எனக்கு.

சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருந்தது. நான் நுனிக்காலில் நின்று துழாவிக்கொண்டிருந்தேன். மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"சின்னவளே, அத எடுத்துக் குடு. பெரியவளுக்கு எட்டாது."

நுனிக்காலிலேயே நின்றுவிட்டேன். ஒன்பது வருடமாகத் தினமும் காதில் விழும் சொல். சின்னவள் என்றால் குள்ளமானவளா என்ன, இளையவள். அந்த ராஜாவின் அப்பாவும் அப்போது உயிரோடு ஆண்டுகொண்டுதான் இருந்தார். ஏடுகளில் அவர் பெரிய ராஜா. அப்பா பெரியவர், பிள்ளை சின்னவர். அவ்வளவுதான் விஷயம். நம் நெட்டைச் சின்னவளுக்கு அது உறைக்கவில்லை. டப்பாவை எட்டி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வாடிய முகத்தோடு போய்விட்டாள்.

வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். பஸ்ஸிலும் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. ஒரு சொல்லை மறைப்பது சுலபம்.

மதியம் ஆசிரியரின் மேசை முன்னால் இருவரும் நின்றோம்.

"தெரியல சார்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆசிரியர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

"விடும்மா. இந்த ஆபீஸ்ல யாருக்குத்தான் தெரியும்?" என்றார்.

யாருக்குத்தான் தெரியுமாம். பன்னிரண்டு வருடம் வரலாற்றுப் பிரிவில் தேய்ந்தவளை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? பொறாமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எல்லாம் தெரிந்துகொண்டு மக்கு மாதிரி நிற்க என்னால் முடியவில்லை.

"சின்னன்னா குள்ளம் இல்ல சார். இளையவர்" என்றேன். பெரிய ராஜா விஷயம் முழுவதையும் கொட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொன்னார்கள்.

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்பச் சரி. அப்ப நீங்க எழுதினது தப்பு" என்றார். பக்கத்தின் அடியில் இருந்த என் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, அவள் பெயரை எழுதப் போனார்.

"வேண்டாம் சார், அக்கா பேரே இருக்கட்டும்" என்றாள் அவள். "நான் வெறும் துணியத்தான் அளக்கச் சொன்னேன். அர்த்தம் புரிஞ்சது அக்காவுக்குத்தானே?"

இல்லை, அவள் பெயரைப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமும் இருந்தது. எனக்குப் பெயர் வேண்டியிருந்தது.

பதிப்பு வெளிவந்தது. ராஜா ஆறடி உயரத்தில் தரையில் நிற்கிறார். அடியில் என் பெயர். ஆபீசில் என்னைப் பாராட்ட வந்த அத்தனை பேரும், அவள் விட்டுக்கொடுத்த கதையைத்தான் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டிலாவது எனக்குப் பாராட்டு கிடைக்கட்டும் என்று தொகுதியைத் தூக்கிக்கொண்டு போய் மாமியார் மடியில் விரித்து, என் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"கேள்விப்பட்டேம்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "சின்னவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு."