பூசாமல் விட்ட இடம்

பவுடர் டப்பாவைக் கவிழ்த்து அடியில் ஓங்கித் தட்டினாள் லூர்து மேரி அத்தை. கொஞ்சம் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, ஐஸ் பெட்டியின் மூடியை மகன் மரிய ஆனந்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அருள்ராணியின் முகத்தில் மறுபடியும் பூசினாள். குளிரில் ஈரம் கோத்திருந்த தோலில் பவுடர் பரவாமல் அங்கங்கே கட்டி தட்டியது. இருந்த முகமும் போய், பழைய சுவர் மாதிரி ஆகிவிட்டது.

“ஒட்ட மாட்டேங்குதே. ஜெனோ, இங்க வா கண்ணு.”

அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த ஜெனோவா எழுந்து வந்தாள். அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று நேற்று சாயங்காலம் போன் வந்தது. அவள் சென்னையில் பஸ் ஏறுவதற்குள் அடுத்த போனும் வந்துவிட்டது. காலையில் வந்து இறங்கியதிலிருந்து ஒரு பொட்டு அழவில்லை. பெட்டிக்குள் கிடந்த சாம்பல் பூத்த முகத்தை அவளால் அம்மா என்று நம்ப முடியவில்லை. அழுகைக்கும் ஆள் அடையாளம் வேண்டியிருந்தது.

“நீதான பெயிண்டிங்கு படிக்கிற? தோல் கலரு வச்சிருப்பியில்ல, எடுத்தா. உங்கம்மா மூஞ்சிய நீயே சரி பண்ணிடு. கோயிலுக்கு எடுக்கறதுக்கு முன்ன பொட்டியில வச்சி எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க.”

“அம்மா மூஞ்சிக்கு என்ன அத்த?”

அத்தை குரலைத் தாழ்த்தினாள். “தெரியாத மாதிரி கேக்காத. நாளைக்கு உன்னப் பொண்ணு கேட்டு வர்றவன் இந்தப் போட்டோவப் பாப்பான். அம்மாளுக்கு இருந்துச்சே, மவளுக்கும் வருமான்னு ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும், அப்பறம் ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான்.”

அத்தை பொல்லாதவள் இல்லை. விடியுமுன்னே வந்து, தம்பி மனைவியைக் குளிப்பாட்டி, தன் பெட்டியிலிருந்த புதுப் பட்டுச்சேலையை எடுத்து உடுத்திவிட்டவள் அவள்தான். பயம்தான் அவளைப் படுத்தியது.

அருள்ராணிக்கு வெண்திட்டு. ஜெனோவா பிறந்த பிறகு உதட்டோரம் ஒரு பொட்டாக ஆரம்பித்து, இடது கன்னம், கண்ணைச் சுற்றி, பாதி நெற்றி என்று பரவியது. வலி கிடையாது, யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்வதை ஊர் என்றைக்குக் கேட்டது? கூலிக்குப் புளி தட்டப் போகும்போதுகூட அருள்ராணி பவுடர் பூசிக்கொண்டுதான் போவாள். கல்யாணம், பிள்ளைகளுக்குக் கோயிலில் புதுநன்மை விழா என்று குடும்பம் கூடி நின்றால், “நீங்க நில்லுங்க, நான் புடிக்கறன்” என்று போனை வாங்கிக்கொள்வாள். அதனால் அதற்கப்புறம் வீட்டில் எடுத்த எல்லாப் படத்திலும் எல்லாரும் இருந்தார்கள், அவள் இல்லை. தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு வேறு வழியின்றிக் கல்யாண போட்டோவைக் கொடுத்திருந்தான் மரிய ஆனந்த். கடைக்காரன் அதையும் ரோஜாப்பூ நிறத்துக்குத் தேய்த்துவிட்டான். பால்காரர் வண்டியை நிறுத்தி, “ஐயோ, சின்னப் பொண்ணா இருக்குதே, யாருங்க இது?” என்று கேட்டாராம். தினமும் அருள்ராணியின் கைப் பாத்திரத்தில் பால் ஊற்றிய மனுஷன்.

ஜெனோவா உள்ளே போய்ப் பையைத் திறந்து கலர் பெட்டியை எடுத்தாள். தோல் நிறம் இருந்தது. மறைக்கத் தெரியாதவளும் இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் குவித்த தக்காளியை அவள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது பரிசு வாங்கி, கல்லூரி முதல்வர் அறையில் தொங்குகிறது. எடுத்துக் கடிக்கலாம் போலிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். வத்தல்மலைப் பாதையில் கரடி ஒன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கதைக்கு அவள் மையால் போட்ட சித்திரங்களைக் குழந்தைகள் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்தன. இரண்டும் நல்ல வேலைதான், அதில் அவளுக்குப் பொய்யடக்கம் இல்லை. ஆனால் இரண்டிலும் அவளுக்குக் கை நிற்கவில்லை. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இன்னொரு பூச்சு, இன்னொரு கோடு.

“உன் வேலையில எதும்மா ரொம்ப வலுவானது? அத மட்டும் இறுதிக் கண்காட்சிக்குக் கொண்டா” என்று ஆசிரியர் போன மாதம் கேட்டபோது, “அது ஊர்ல இருக்குது சார். எங்கம்மா பாத்துக்கிட்டிருக்காங்க” என்றாள். அவர் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார்.

நிஜம்தான். போன மே மாத விடுமுறையில் அம்மா அவளுக்கு முன்னால் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பவுடர் இல்லை. “வரையறதுன்னா முழுசா வரை” என்றாள். நீர்வண்ணம். நீர்வண்ணத்தில் வெள்ளைக்கு வண்ணம் கிடையாது, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். ஜெனோவா கன்னத்தின் பழுப்பை ஈரத்தோடு இழுத்துக்கொண்டு வந்து, திட்டின் ஓரத்தில் தூரிகையை நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கை நின்றது. நெற்றி, கண், உதட்டோரம் என்று அம்மாவின் வெண்மை தாளின் வெண்மையாகவே வெளிச்சத்தோடு வந்து உட்கார்ந்தது. முடித்தபோது, இனி இதைவிட நல்லது வரைவேனா தெரியாது, இதுவரை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “நான் இத்தன வருசமா பூசிப் பூசிச் செத்தன். நீ பூசாம வுட்டுட்டியேடி” என்றாள். பிறகு, “காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிடாத. இங்கயே இருக்கட்டும். மொதல்ல நான் பாத்துப் பழகிக்கறன்” என்று பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

இப்போது பீரோவுக்குப் பக்கத்தில் அது இல்லை. ஜெனோவா கட்டிலடியில் பார்த்தாள், பரண்மேல் பார்த்தாள். அத்தைதான் எடுத்து ஒளித்திருக்க வேண்டும் என்று கோபம் பொங்கியது. கலர் பெட்டியை மூடி வைத்தாள். ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“மூடியத் தூக்குண்ணா.”

மரிய ஆனந்த் தூக்கினான். அவள் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். கண்ணைச் சுற்றித் துடைத்தாள்.

“ஏய், என்னடி பண்ற? கலர் எங்க?”

“சரி பண்றன் அத்த.”

“பைத்தியமாடி உனக்கு? உன் நல்லதுக்குத்தான சொல்றன்!”

“தெரியுது அத்த. ஆனா வர்றவன் எங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டு வரட்டும். பாத்துட்டு ஓடறவன் இப்பவே ஓடட்டும்.”

பஞ்சில் பவுடர் வெள்ளையாக ஊறியது. கன்னத்தில் திட்டின் ஓரம் தெரிந்தது. தூரிகை நின்ற அதே ஓரம். அதில் விரலை வைத்த கணத்தில்தான் ஜெனோவாவுக்கு அம்மா செத்துப்போனது தெரிந்தது. “அம்மா” என்று உடைந்துவிட்டாள். ஆனாலும் துடைப்பதை விடவில்லை.

சுவரோரம் பானுமதி உட்கார்ந்திருந்தாள். அருள்ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் புளி தட்டியவள். காலையிலிருந்து அவளும் அழவில்லை. இப்போது எட்டிப் பார்த்தவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ அருளு! இப்பத்தானடி நீ வந்த!”

வீடே அவளோடு சேர்ந்து அழுதது. அதுவரை பேச்சும் டீயுமாக இருந்த சாவு வீடு, அப்போதுதான் சாவு வீடாயிற்று.

அத்தை மட்டும் பவுடர் டப்பாவோடு மூலையில் போய் உட்கார்ந்தாள். “உங்கப்பன் வரட்டும். பொணத்தப் போட்டுட்டு எங்கதான் போனானோ.”

ஜெனோவாவின் அப்பா சவரி காலையிலேயே யாரிடமும் சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வாய் பேசாத மனுஷன். பஞ்சாயத்துக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும்போதுகூடக் கடைசி ஆளாக நிற்பார். வெயில் ஏறிய பிறகு வந்தார், முன்னால் செய்தித்தாள் சுற்றிய பெரிய சட்டத்தை அணைத்துப் பிடித்தபடி. நேராகக் கூடத்துக்கு வந்து, பெட்டியின் தலைமாட்டில் வைத்து, தாளைக் கிழித்தார்.

கண்ணாடிக்குள் அருள்ராணி எல்லாரையும் நேராகப் பார்த்தாள்.

“அப்பா, இது எங்க இருந்துச்சு?”

“பாப்பாரப்பட்டியில கண்ணாடிக் கடையில. உங்கம்மாதான் போன வாரம் குடுத்தா. நீ லீவுக்கு வர்றப்ப மாட்டி வச்சிருக்கணும்னா.” சவரி மனைவியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். துடைத்திருப்பதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “கடக்காரன் தொறக்கவே நேரமாயிடுச்சு. ‘எதுக்குடி இவ்ளோ பெருசா?’ன்னு கேட்டன். ‘நான் பாத்துப் பழகிட்டன், இனிமே மத்தவங்க பாத்துப் பழகட்டும்’னா.”

அத்தை எழுந்தாள். தான் வாங்கி வந்திருந்த சம்பங்கி மாலையைப் படத்துக்குப் போட்டாள். மாலை சரிந்து இடது கன்னத்தை மறைத்தது. அத்தை கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாலையைச் சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி, கன்னம் தெரிகிற மாதிரி சரி செய்தாள்.

போட்டோ எடுத்தார்கள். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பும்போது, படத்தை வாங்க மரிய ஆனந்த் கை நீட்டினான். சவரி கொடுக்கவில்லை. சிலுவைக்குப் பின்னால், பெட்டிக்கு முன்னால், நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அவரே நடந்தார். ஜெனோவா பக்கத்தில் நடந்தாள். கண்ணீர் வழிந்தபடி இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. வாசல்களில் நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பார்வையை விலக்கப் போனார்கள், விலக்க முடியாமல் மறுபடியும் பார்த்தார்கள். கல்லூரிச் சுவர் எதிலும் அவளுக்கு இப்படி ஒரு காட்சி அமைந்ததில்லை.

மெயின் ரோட்டில் தர்மபுரி பஸ் ஊர்வலத்துக்காக ஓரங்கட்டி நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தலையை வெளியே நீட்டினாள்.

“யாருங்க அது?”

சவரி நின்றார். பின்னால் பேண்டு வாத்தியமும் நின்றது. அந்தக் குரல் அவரிடமிருந்துதான் வந்ததா என்று மகளே திரும்பிப் பார்த்தாள்.

“எம் பொண்டாட்டிங்க! அருள்ராணி! எம் மவ வரஞ்சது!”

சொல்லிவிட்டு, படத்தை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பஸ்ஸின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.