தட்டிவிட்டுத் தூக்கணும்

கைகளை அகல விரித்து, போர்வையின் இரண்டு முனைகளையும் நிலைச்சட்டத்தோடு அழுத்திப் பிடித்தபடி, உள்ளறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான் அவன். அந்த நிலைக்குக் கதவு கிடையாது. மகளுடைய சக்கர நாற்காலி நுழைய நாலு விரற்கடை இடம் போதவில்லை என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவனே கழற்றிப் போட்டுவிட்டான். கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலை தொங்கியது. முந்தாநாள் காலை அதிலேதான் அவளைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். இன்று விடிந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரைச்சீலை வரவில்லை.

ஆகவே இப்போது அவன்தான் திரை.

முதுகுக்குப் பின்னால் அவனுடைய அக்கா துணியை நனைத்துப் பிழியும் சத்தம். முன்னால், கூடத்தில், அவனோடு கிடங்கில் மூட்டை தூக்கும் நாலு பேர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நூறு கிலோவை முதுகில் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறுகிறவர்கள். இந்த வீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மயான வண்டி வரும் என்று அவர்களில் ஒருவரான மேஸ்திரி சொல்லியிருந்தார். மணி பத்தேகால்.

"தம்பி," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ஒத்த ஆளால புரட்ட முடியலடா. காலு ரெண்டும் பின்னிக்கிட்டு நிக்குது. எதிர்வீட்டுக்காரியக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்."

"அப்ப நீயாவது வா. பெத்தவன்தானே."

"நான் வரக்கூடாதுக்கா. அவ எப்பவோ சொல்லிட்டா."

சொல்லித்தான் இருந்தாள். தாயில்லாத பிள்ளை; பத்து வயது வரை எல்லாம் அவன் கைதான் செய்தது. பதினொன்றாவது வயதில் ஒருநாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பு சொன்னாள். "இனிமே குளிக்க வைக்கிறது, துணி மாத்துறது எல்லாம் அத்தை. நாற்காலியில இருந்து கட்டிலுக்கு, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, அது மட்டும்தான் உன் வேலை." இப்படி எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் தெருவுக்கே அவள் வக்கீலம்மா.

அவளுடைய முதல் சட்டம் அவன் தொழிலிலிருந்து எடுத்தது. லாரிமேல் நிற்பவன் கீழே குனிந்து நிற்கிறவனின் முதுகில் மூட்டையைச் சாய்ப்பதற்கு முன்னால் அதை இரண்டு தட்டு தட்டுவான். குனிந்தவன் 'ம்' என்பான். அதற்குப் பிறகுதான் பாரம் இறங்கும். தட்டாமல் இறக்கியதால் கழுத்து முறிந்தவன் ஒருவன் கிடங்கு வாசலில் இன்னும் பீடி விற்கிறான். ஏழு வயதில் ஒருநாள் கிடங்குக்கு அவளைக் கூட்டிப்போனபோது இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தவள், அன்று சாயங்காலம் அவன் தூக்க வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள். "மூட்டைக்கே தட்டுறீங்க. என்னை மட்டும் சொல்லாம கொள்ளாம தூக்குற?"

அன்றிலிருந்து நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டு. அவள் 'ம்' சொல்ல வேண்டும். சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி அவனைக் காக்க வைப்பாள்.

அந்த நாற்காலி இப்போது கூடத்து மூலையில் இருந்தது. கைப்பிடித் தகட்டின் திருகு கழன்று ஒரு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி நாலு ஞாயிறு போய்விட்டது. மின்விசிறிக் காற்றில் தகடு டக் என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு டக். ஒவ்வொரு தடவையும் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கூட்டாளி ஒருவன் மெல்ல எழுந்துபோய்த் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"விடுப்பா," என்றான் அவன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்து ஆயா. காலையில் பிள்ளையை விடும்போது கேட்டில் பார்த்துத் தலையாட்டியிருக்கிறான், அவ்வளவுதான் பழக்கம். கையில் ஒரு நீல நிறத் தண்ணீர் பாட்டில் இருந்தது. மகளுடையது.

நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, உள்ள யாரு இருக்கா?"

"எங்கக்கா."

"ரெண்டு ஆள் வேணுமே. அவளுக்கு முட்டிக்குக் கீழ கைய வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். இழுத்தா வராது. நான் போகட்டுமா?"

"வேணாம்மா. ஸ்கூல்ல பார்த்த வரைக்கும் போதும்."

வெடுக்கென்றுதான் சொன்னான். ஆனாலும் அந்த அம்மாள் திரும்பிப் போகவில்லை. பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவனுக்கும் அதன்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. டாக்டர் கேட்ட கேள்வி முந்தாநாளிலிருந்து காதில் கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தது. 'பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா? ரெண்டு கிட்னியும் போயிருக்கே.' அவன் அடித்துச் சொன்னான்: 'குடிப்பா சார். தினம் ரொப்பி அனுப்புவேன். சாயங்காலம் காலியாத்தான் வரும்.'

"அவ தண்ணி குடிப்பால்ல?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

ஆயா கூடத்தில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஜன்னல்ல ஒரு செடித்தொட்டி இருக்குண்ணே. எங்க ஸ்கூல்லயே அது ஒண்ணுதான் தளதளன்னு இருக்கும்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது போர்வையின் ஒரு முனை நழுவியது. சட்டென்று எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா?"

"குடிச்சா போகணும். போனா அந்த மூலைதான். தனி ரூம்பு கிடையாது. கிளாஸ்ல அலமாரிக்குப் பின்னாடி ஒரு பாய் போட்டிருக்கும். அலமாரி பாதியத்தான் மறைக்கும். அந்தப் பக்கம் அத்தனை கண்ணு. முப்பத்திரண்டு புள்ளைங்களுக்கு ஆயா நான் ஒருத்தி. ஒரு கையால முந்தானைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால புள்ளையப் பார்ப்பேன். எத்தனை நாளைக்கு முடியும்? அவசரத்துல சில நாள் முந்தானைய விட்டுட்டேன். இல்லேன்னு சொல்லல."

அவன் விரித்த கைகளைப் பார்த்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ," என்றான். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. ஒருநாள் சொன்னாள். 'ஸ்கூல்ல தட்டாம தூக்குறாங்கப்பா.' அன்றைக்கு இருநூறு மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தான். 'ஊருக்கெல்லாம் நீ சட்டம் போட முடியுமா வக்கீலம்மா? பொறுத்துக்கோ,' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

"பெரிய டீச்சர்கிட்ட அவளே எழுதிக் குடுத்தா," என்றாள் ஆயா. "ஒரு திரை வேணும், தொடுறதுக்கு முன்னாடி தட்டணும்னு ரெண்டே வரி. டீச்சர் ஃபைலைத் திறந்து ஒரு பேப்பரக் காமிச்சாங்க." நிறுத்தினாள்.

"என்ன பேப்பர்?"

"அது எதுக்குண்ணே இப்ப."

"சொல்லும்மா."

"சேர்க்கும்போது நீங்க குடுத்தது. தனி அறை இல்ல, வகுப்புலயே வச்சு மாத்துறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு. கீழ உங்க கையெழுத்து."

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் வாழ்க்கையில் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்த நாள்களில் அது ஒன்று. குமாஸ்தா அவனுடைய உடுப்பைப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைக்கச் சொல்லி மை அட்டையை நகர்த்தினார். அவன், "பேனா குடுங்க சார்," என்றான். அதற்கு முந்தைய வருஷம் முழுக்கச் சாயங்காலம் தோறும் மகள் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரெழுதக் கற்றுக்கொடுத்திருந்தாள். கடைசி எழுத்துக்கு மட்டும் வால் நீண்டு போகும். 'அப்பா, வாலை நறுக்கு' என்பாள். அன்றைக்கு நாலு தாளிலும் வால் நீண்டது. தாளில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. அத்தனை பேர் முன்னால் விரலை வைத்து எழுத்துக்கூட்ட வெட்கம். நாற்காலியிலிருந்து மகள் அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"அதைப் பார்த்துட்டு என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் பார்த்தா. 'எங்கப்பா எழுத்துதான் மிஸ்'ன்னா. சிரிச்சாகூட. அப்புறம் திரையப் பத்திப் பேச்சே எடுக்கல. மறுநாள்ல இருந்துதான் தொட்டிக்கு ஊத்த ஆரம்பிச்சா. நான் பார்த்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னா. பாவம், சொல்லல." பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடி மூடினாள். "சொல்லியிருக்கணும்."

மூலையில் தகடு டக் என்றது.

மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலத்தை அவன் தேடிப் பிடித்துவிட்டான். அது எங்கும் போய்விடவில்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அன்று மகள் நோட்டுப் புத்தகத்தை மடியில் தயாராக வைத்திருந்தாள். 'கையெழுத்து போதும்பா. இனிமே நீ படிக்கணும். ஒரு பக்கமாவது முழுசாப் படிக்கணும்.' அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, 'நாளைக்குடா,' என்றான். அவள் வற்புறுத்தவில்லை. எதையும் விடாமல் வாதாடுகிறவள், அன்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். அவனும் நல்லவேளை என்று தூங்கிப்போனான்.

"தம்பி," என்றாள் அக்கா. "நேரமாகுதுடா. யாரையாவது அனுப்பு. இல்லேன்னா நீ வா."

அவன் இடது கையை நிலையிலிருந்து எடுத்தான். போர்வை ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு மடங்கியது.

"தொடறதுக்கு முன்னாடி—"

"தெரியும்ணே."

அவள் பாட்டிலை வாசற்படியோரம் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் கைக்குக் கீழாகக் குனிந்து உள்ளே போனாள். அவன் போர்வையை முன்னைவிட இறுக்கி இழுத்துப் பிடித்தான்.

முதுகுக்குப் பின்னால், கட்டிலின் இரும்புச் சட்டத்தில், இரண்டு தட்டு கேட்டது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆயா அவசரப்படவில்லை. கூடத்தில் இருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். அது என்ன கணக்கு என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவனுடைய தோள்கள் கடுத்தன. மேஸ்திரி எழுந்து வந்து, "கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேம்ப்பா," என்றார். அவன் தலையை மட்டும் அசைத்தான். வெளியே வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தான்.

"ஆச்சுடா," என்றாள் அக்கா. "நல்ல துணி போட்டாச்சு. தலை சீவியாச்சு. கால்கூட நேரா வந்திடுச்சு. வந்து தூக்கிக்கோ."

கூட்டாளிகள் எழுந்தார்கள். அவன் போர்வையை இறக்கவில்லை. திரும்பவும் இல்லை. அதைப் பிடித்திருந்த வலது கையின் விரல் முட்டியால் நிலைச்சட்டத்தை மெதுவாக இரண்டு தட்டு தட்டினான்.

தட்டிவிட்டு நின்றான்.

எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். உள்ளே, கொடியில் போட்ட ஈரத்துணியிலிருந்து பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.