ஆறாம் நம்பர் மெத்தை

எங்க ஆஸ்பத்திரியில கிழமைக்கு ஒரு நிறத்துல விரிப்பு. திங்கள் வெள்ளை, செவ்வாய் ரோஸ், புதன் பச்சை. வாசல்ல நின்னு பார்த்தாலே மாத்தியாச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும். இருபத்திரண்டு வருசமா விரிப்பு மாத்துற ஆயா இந்த நீலவ்வா ஒருநாள்கூட நிறம் தப்பினதில்ல. அந்தத் திமிர்தான் என்னைக் கவுத்துச்சு. விரிப்புக்குக் கீழே என்ன இருக்குன்னு எவன் பார்க்கப் போறான்?

ஈரவ்வா பாதாமிப் பக்கத்துக்காரி. எருமை முட்டி இடுப்பெலும்பு ஒடிஞ்சு, உள்ளே தகடு வைச்சு, ஆறாம் நம்பர் கட்டில்ல கிடந்தா. கொண்டுவந்து போட்ட மருமகன் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கல.

"ஏ நீலி, இன்னிக்குப் பச்சையா? என்னைப் பச்சை உடுத்துற கல்யாணப் பொண்ணுன்னு நெனச்சிட்டியா?"

"உன்னைக் கட்டிக்க எவன்க்கா வருவான்? எருமையே முட்டிட்டு ஓடிப்போச்சு!"

வீட்டுல சோளரொட்டி தட்டுறதும் நானே, தின்னுறதும் நானே. நாள்பூரா நான் வாய்விட்டுப் பேசுறது அவகிட்ட அந்தப் பத்து நிமிசம்தான்.

ஒருநாள் அவளை ஒருக்களிச்சுப் படுக்கவைச்சு விரிப்பை உருவினேன். மெத்தையோட ரெக்சின் ஒரு சாண் கிழிஞ்சிருந்தது. உள்ளே பஞ்சு ஈரம். யார் யாரோட சீழோ, மூத்திரமோ. சொன்னா மெத்தை குப்பைக்குப் போகும், புதுசு வர மாசக்கணக்காகும். அதுவரை கட்டிலை ஒதுக்கிவைச்சிட்டு அவளை மேல்மாடி வார்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு வேலை கீழேதான். சுத்திமுத்திப் பார்த்தேன். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியை நாலு வரிசை ஒட்டி, மேலே விரிப்பை இழுத்துச் செருகிட்டேன்.

அஞ்சு நாள்ல அவளுக்குக் குளிர்காய்ச்சல். கட்டைப் பிரிச்சா சீழ். நர்ஸ் சுனந்தா விரிப்பைத் தூக்கி, பிளாஸ்திரியைப் பிச்சு, பஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. காயத்துல இருந்த கிருமிதான் பஞ்சுலயும். தகட்டை எடுத்து மறுபடி கத்தி வைக்கணும்னாங்க. இனி நடப்பாளான்னு டாக்டராலயே சொல்ல முடியல.

"யார் ஒட்டினது?"ன்னு சுனந்தா கேட்டாங்க. "நான்தான்"னு ஒத்துக்கிட்டேன். ஆனா சொல்ல வேண்டிய ஆள் அவங்க இல்லையே.

ஈரவ்வாவைத் தனியறைக்கு மாத்தினதும் கதவோரம் போய் நின்னேன்.

"அக்கா, கிழிசல் எனக்குத் தெரியும். சொன்னா உன்னை மாடிக்கு அனுப்பிடுவாங்கன்னு மறைச்சேன். நான் பாவி."

திட்டுவான்னு காத்திருந்தேன். தலையை என் பக்கம் திருப்பினா.

"ஏன்டி, மாடிக்குப் போயிருந்தா, நீ படியேறி வந்து என்னைப் பார்த்திருக்க மாட்டியா?"

பதினெட்டே படி. வந்திருப்பேன். அன்னிக்கு அது எனக்குத் தோணவே இல்ல.