வைஷுவின் கல்யாணக் கணக்கு

அப்பாவின் இதய வால்வு பழுதாகிவிட்டது, ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் தேவைப்படும் என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே வைத்தியத்துக்கென்று தனியாகச் சேமிப்புக் கணக்கு திறக்க, வடக்கே நாங்கள் குடியிருக்கும் பாணேரில், வீட்டுக்குப் பக்கத்து வங்கிக்கு அப்பா, அம்மா, அக்கா வைஷு, நான் என்று நாலு பேரும் போனோம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் தனியாகச் செய்வதில்லை.

கணக்குக்கு ஒரு பெயர் வைக்கலாமாம். வங்கிப் பெண் "மெடிக்கல்" என்று தட்டப் போனாள்.

"ஐயோ, வேண்டாம்னா! வியாதின்னு பேர் வெச்சா, நாமளே வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி ஆயிடும். மங்களகரமா ஏதாவது சொல்லுங்கோ," என்றாள் அம்மா.

அப்பா யோசித்து, வங்கிப் பெண்ணுக்குப் புரியும்படி ஹிந்தியில், "வைஷு கி ஷாதி," என்றார்.

"மாப்பிள்ளை யாருப்பா? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கோ," என்றாள் வைஷு. அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது எங்கள் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

வங்கிப் பெண் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னாள்.

அப்பாவின் பென்ஷனிலும் வைஷுவின் சம்பளத்திலும் மிஞ்சியதெல்லாம் அதில் விழுந்தது. கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம், இனித் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். பணத்தை எடுக்க அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். அம்மா உடனே போட்டாள். அப்பா பேனாவை மூடி வைத்தார்.

"கல்யாணம்னு சங்கல்பம் பண்ணின பணம். அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில கொட்டப்படாது. பொண்ணுக்கு ஆகாது."

"வெறும் பேர்ப்பா அது! நான் கல்யாணமே பண்ணிக்கப் போறதில்லை."

"பார்த்தியா ருக்மிணி? பணத்தைத் தொடறதுக்கு முன்னாடியே இப்படிப் பேசறா. தொட்டா?"

வாதத்தில் அப்பா ஜெயித்துவிட்டார். மாடிப்படிதான் அவரோடு ஒத்துப்போகவில்லை. மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம், கீழ்வீட்டுத் துளசிச் செடியை ரசிப்பதாகச் சொன்னார். அம்மா சாப்பிடாமல் கிடந்த பிறகு, திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டார். ஞாயிறு காலை பால் வாங்கப் போன இடத்திலேயே சரிந்துவிட்டார். பால் பாக்கெட்டை மட்டும் கீழே விடவில்லை என்றார் கடைக்காரர்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா வைஷுவைக் கூப்பிட்டாள்.

"வருஷத்துக்குள்ள உன் கல்யாணத்தைப் பண்ணிடணும்டி. இல்லேன்னா அவர் எதுக்காகப் போனார்?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் வைஷு. என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் ஜாதகத்தைத் தேட அலமாரியைத் திறந்தாள்.