பழவந்தாங்கலில் ஏறியவள்

பிரேமை யாரும் படம் காட்டச் சொல்லவில்லை. தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவன், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ரயிலே போகாத பெரம்பலூரில் பிறந்ததாலோ என்னவோ, சென்னைக்குப் போனதிலிருந்து அவனுக்கு ரயில் கிறுக்கு. மின்சார ரயில் பயணத்தை ஒரு குட்டி ஆவணப்படமாக எடுத்து, ஜாஸ் இசை சேர்த்து வைத்திருந்தான். அதை உடையார்பாளையத்தில் காலேஜ் கூட்டாளி ராஜவேல் வீட்டு டிவியில் ஓடவிட்டான்.

ராஜவேலின் தங்கை நர்மதா தண்ணீர்ச் சொம்போடு நின்று பார்த்தாள். சாக்ஸபோன் இழுக்க, டிரம்ஸ் அடிக்கு ஒரு ஸ்டேஷன் பலகை வந்து போனது. படியில் தொங்குகிறவர்கள், பூக்கட்டுகிறவள், நின்றபடியே தூங்குகிறவன்.

"நாயனமாட்டமே இருக்கு" என்றார் அப்பா வைரக்கண்ணு.

பழவந்தாங்கல் பலகை வந்தது. அதன் கீழே பெண்கள் பெட்டியில் ஏற நின்றவள், நர்மதாவின் அக்கா சிந்து.

வேறு சாதிப் பையனோடு அவள் போன அன்றே அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். இந்த வீட்டில் அவள் பேரையே எடுக்கக் கூடாது. ஆனால் அண்ணன் தேடுவதை விடவில்லை. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், அம்மா ஒருத்தியைத் தவிர. கூட்டிவரத்தான் தேடுகிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நர்மதா சட்டென்று டிவியை மறைத்து நின்று, "அண்ணே, மோர் ஊத்தவா?" என்றாள். ராஜவேல் போனிலிருந்து தலையைத் தூக்காமல் வேண்டாம் என்றான். அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் விலகியபோது கிண்டி வந்திருந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

அடுக்களை வாசலில் அம்மா சாந்தா அழுதுகொண்டு நின்றாள்.

"எம்புள்ளங்க அது. வவுத்தப் பாத்தீங்களா? மாசமா இருக்காங்க."

அட பாவி மனுஷி, வாயை மூடிக்கொண்டு அழக்கூடாதா.

ராஜவேல் போனைக் கீழே வைத்தான். "மாப்ள, கொஞ்சம் பின்னாடி ஓட்டு."

"அது யாரோம்மா" என்றாள் நர்மதா. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

சிந்துவின் முகம் திரையில் நின்றது. பிரேமுக்கு ஒரே சந்தோஷம். "உங்க வீட்டுப் பொண்ணாடா? தினம் அந்த எட்டேகால் வண்டிதான். அதே பெட்டிதான். நான் போனப்பல்லாம் இருந்தாங்க."

"எறங்குறது எங்க தம்பி?" என்றார் வைரக்கண்ணு.

"மாம்பலம்ப்பா."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அரியலூர்ல இப்ப மெட்ராஸ் வண்டி இருக்குமாடா?"

"இருக்குப்பா" என்று ராஜவேல் பைக் சாவியை எடுத்தான்.

அக்காவை எச்சரிக்க நர்மதாவிடம் ஒரு போன் நம்பர்கூட இல்லை. வாசலை மறித்தாள். அண்ணன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வெளியே போனான்.

சாந்தா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"போற வழியில கண்ணாடி வளையலு வாங்கிக்கங்க. கை நெறயப் போட்டுக் கூட்டியாங்க."

வைரக்கண்ணு பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "சரி" என்றார்.