மூடினாலும் மூடாத வால்வு

பிளம்பரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தை அவளுடைய அண்ணனே அதுவரை பார்த்ததில்லை.

குழாய் வேலைக்கான உரிமம் அவள் பெயரில். கான்ட்ராக்ட் பிடிப்பது அவன். கை உடைந்து அவள் வீட்டில் கிடந்தபோது, குழந்தைகள் காப்பகத்தின் குழாய் வேலையை அவனே ஆள் வைத்து முடித்துவிட்டான். தண்ணீர் வாரியத்தின் முத்திரை உள்ள கனத்த பித்தளை வால்வுதான் வேண்டும், அதுவும் சுடுதண்ணீருக்கு வேறெதையும் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கை தேறி வந்து பார்த்தால், குட்டிக் குட்டிக் கைகழுவும் தொட்டிகளுக்கு அடியில் மாட்டியிருந்தது வேறு சரக்கு. மிச்சமிருந்த ஒன்றைக் கையில் எடுத்தாள். தக்கை மாதிரி இருந்தது, முத்திரையும் இல்லை.

மதியம் வாரிய அதிகாரி வருகிறார், வேலை சரி என்று கையெழுத்துப் போடு என்றான் அண்ணன். குழாயில் தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு கசியவில்லையாம். எப்படிக் கசியும்? வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் அது சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். மூடிச் சோதிக்க இந்த அவசரக் குடுக்கைகளுக்கு எங்கே நேரம்?

ஒன்றை இறுக மூடிவிட்டு அதற்கு மேலே தொட்டிக்குப் போகும் இணைப்பைக் கழற்றினாள். சுடுதண்ணீர் ஆவி பறக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்ததைத் திருகினாள்; கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் நிற்கும்போது குழாய் பிய்த்துக்கொண்டால் மூடுவதற்கு இருப்பது இதுதான்.

அண்ணன் அசரவில்லை. வால்வு எப்போதும் திறந்தே கிடப்பது, அதை யார் தொடப்போகிறார்கள் என்றான். கையெழுத்து இல்லாவிட்டால் தொழில் போச்சு, இதை நம்பியே குடும்பம் நடத்தும் அண்ணி முகத்தில் எப்படி முழிப்பாய் என்றும் கேட்டான். அவள் பேனாவைத் தொடவில்லை.

"ரொம்பத்தான் பண்றே. அம்மா வீட்டு ஹீட்டருக்கும் இதைத்தான் போட்டேன். ஏதாவது ஆச்சா?"

அதை அவன் பெருமையாகச் சொன்னான். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இந்த மடையனோ பெற்ற தாய்க்கும் நம்பி மாட்டியிருக்கிறான்.

"ஒரு தடவையாவது மூடிப் பார்த்தியா?"

அவள் அதிகாரியை அழைத்து, வேலை சரியில்லை, எல்லாவற்றையும் அறுத்து மாற்றப்போகிறேன், இன்று வர வேண்டாம் என்றாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அடுத்து அம்மாவை அழைத்து, அவன் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே வா, அந்த வால்வை நம்ப முடியாது என்றாள்.

அம்மா சிரித்தாள். "உங்க அண்ணன் தன் கையால போட்டதுடி. எனக்கென்ன பயம்?"

அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினான்.